தடி டயரும் சம்பந்தியும்

இருபத்தோரு கியர் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்றை, அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தபோதே, பெடலில் கால் வைக்காமல் நான் முந்தியிருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. எடை தொண்ணூற்றாறு கிலோ, அதுவும் சாப்பிடுவதற்கு முன்னால். என் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவைத்தால் எருமை படுத்திருப்பதுபோல் இருக்கும். அதை இறக்கத்தில் விட்டேன், இரண்டு கால்களையும் இறக்கை மாதிரி அகட்டிக்கொண்டேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், ஒரு கொட்டாவி விட்டேன், அந்த ரேஸ் சைக்கிளைக் கடந்து போனேன். கடக்கும்போது "அப்ப நான் வரட்டுங்களா" என்று விடைபெற்றுக்கொண்டதாகவும் ஞாபகம்.

நம்ப மாட்டீர்கள். பெற்ற மகளே நம்பவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவள் முதலில் பாதியாக்குவாள், அந்தப் பாதியை இன்னொரு தடவை பாதியாக்குவாள், மிச்சத்துக்கும் சாட்சி கேட்பாள்.

முப்பத்து நாலு வருஷம் ரோடு ரோலர் ஓட்டியவன் நான். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம். காலையில் என்னைக் கடந்து நடந்து போனவர்கள், வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஓய்வு பெற்றுத் திரும்பி வரும்போது, "இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா" என்று கேட்டதுண்டு. அப்படிப்பட்டவனுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த சைக்கிள் எப்படி இருக்கும்? அதன் டயரைப் பார்த்தால் யாரோ மலைப்பாம்பைச் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைகள் ஓடும்.

ரேஸ் சைக்கிள்காரர் என் சம்பந்தி. என் மகளின் மாமனார். முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துகிற வேலை. சரியாக இல்லாவிட்டால் கடைக்காரரையே குத்துகிற மாதிரி பார்க்கிற வேலை. அந்தப் பார்வையை மட்டும் அலுவலகத்தில் ஒப்படைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் வீட்டுக்காரிகள் போய்ச் சேர்ந்துவிட்டதால், மகளும் மாப்பிள்ளையும் எங்களைத் தங்கள் நாலாவது மாடி வீட்டில் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் என் பக்கம் இரண்டு விரற்கடை கூடுதலாக இருக்கிறது என்று முதல் நாளே டேப் வைத்துக் காட்டியவர் அவர்.

அவருடைய சைக்கிளை மாப்பிள்ளை பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். அதன் டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. சீட்டு அதைவிடச் சன்னம். அதில் நான் உட்கார்ந்தால் சீட்டு எது, நான் எது என்று பிரித்தெடுக்க டாக்டர் வேண்டும்.

வம்பு ஒரு நோட்டீஸால் வந்தது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு சைக்கிள், ஒரு கட்டம். திங்கட்கிழமை காலையில் கட்டத்துக்கு வெளியே இருக்கிற சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்விடும். லிஃப்டில் சைக்கிள் ஏறாது. ஏறினாலும் மகள் வாசலில் விடமாட்டாள்.

எனக்குச் சைக்கிள் என்பது விளையாட்டு இல்லை. ரோலர் என் முட்டி இரண்டையும் ஆட்டி ஆட்டி அரைத்து வைத்திருக்கிறது. நூறடி நடந்தால் முட்டி கத்தும். மிதித்தால் கத்தாது; ஏன் என்று டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சைக்கிள் இருந்தால் நூலகம், டீக்கடை, ஏரிக்கரை, சண்டை போட நாலு நண்பர்கள். இல்லையென்றால் நாலாவது மாடிப் பால்கனி, எதிர்வீட்டுக் கொடியில் எத்தனை பனியன் என்று எண்ணுகிற உத்தியோகம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்தக் கதையிலேயே மிகைப்படுத்தாமல் சொன்ன இடம் இது ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க," என்றாள் மகள். "எந்த வண்டி நல்லா உருளுதோ அது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமா சொல்றதுதான் முடிவு."

"போட்டியில இருக்கிறவரே நடுவரா? இது எந்த ஊரு நியாயம் பாப்பா?"

"மாமா தன் வண்டியா இருந்தாலும் அளந்துதான் சொல்வாரு. நீங்க அள்ளி விடுவீங்க."

சம்பந்தியின் மூக்கு அரை அங்குலம் உயர்ந்தது.

"இதுல அளக்க என்ன இருக்கு?" என்றார், அறைக்கு வந்ததும். "சன்ன டயர் ரோட்டைக் கொஞ்சமாத் தொடும். தடி டயர் நிறையத் தொடும். நிறையத் தொட்டா நிறைய இழுக்கும். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க சம்பந்தி, நான் பேசிக்கிறேன். என் வண்டி சும்மா விட்டாலே உங்க வண்டியை முந்தும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பால்கனியில் பனியன்கள் ஆடுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கீழே இறங்கினோம். எங்கள் தெருமுனையில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு மேம்பாலம். அதன் இறக்கம் எங்கள் வாசல் பக்கமாக வந்து, அப்புறம், கேபிள் புதைத்த மேடு பள்ளங்களோடு, சமதளமாக நீண்டு போகும். விதிமுறைகளைச் சம்பந்தி எழுதிவைத்திருந்தார். மேலிருந்து விட வேண்டும். மிதிக்கக் கூடாது, பிரேக் பிடிக்கக் கூடாது. தானாக நிற்கிற இடத்தில், முன்சக்கரத்துக்கு நேராக எங்கள் வாட்ச்மேன் சாக்பீஸால் கோடு போட வேண்டும். ஒருவர் போன பிறகு அடுத்தவர்.

"எடை ஒண்ணா இருக்கணும்," என்று குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நான் ஏறியதும் எண்பத்தெட்டு என்று காட்டியது.

"தொண்ணூத்தாறுன்னீங்களே?"

"அது மரியாதையையும் சேர்த்து."

என்னையும் என் எருமையையும் சேர்த்தால் நூற்றுப்பத்து கிலோ. அவரும் அவர் சைக்கிளும் எண்பத்து நாலு. மனிதர் மறுபடி மாடிக்குப் போய், கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருபத்தாறு கிலோவுக்கு முத்திரை ரத்தான பழைய இரும்புப் படிக்கற்கள்! சிலர் ஓய்வு பெறும்போது சால்வையோடு வருவார்கள். அவற்றை இரண்டு பைகளில் பங்கு போட்டு, சைக்கிள் சட்டத்தின் இரண்டு பக்கமும் கம்பியால் கட்டினார்.

முதலில் அவர் விட்டார். சமதளத்தில் எட்டாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டி நின்றார். அடுத்து நான். ஏழாவது கம்பம்கூட வரவில்லை.

"ஒரு தடவை நிறுத்தா நிறுத்ததா ஆகாது. மூணு தடவை நிறுக்கணும்," என்றார் சம்பந்தி, ஜெயித்தவருக்கே உரிய பெருந்தன்மையோடு. ஆனால் அதற்குள் பாலத்து உச்சியில் ஒரு சிமெண்ட் லாரி டயர் வெடித்து நின்றுவிட்டது. அதனால் இரண்டாவது தடவை பாதி இறக்கத்திலிருந்து விட்டோம். அவர் நாலாவது கம்பத்தில் நின்றார். நான் ஐந்தாவதைத் தாண்டிப் போனேன்.

"இருங்க," என்றார் சம்பந்தி.

லாரி போனதும் மறுபடி உச்சியிலிருந்து விட்டோம். அவர் ஜெயித்தார். மறுபடி பாதியிலிருந்து. நான் ஜெயித்தேன். இன்னொரு தடவை உச்சி: அவர். இன்னொரு தடவை பாதி: நான். ஒவ்வொரு தடவையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியதில் என் முட்டி எனக்குத் தெரியாத பாஷைகளில் எல்லாம் பேசியது. சம்பந்தி நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அதே ஆளு. அதே வண்டி. அதே ரோடு. மேல இருந்து விட்டா சன்னம் நல்ல டயர், நடுவுல இருந்து விட்டா தடி நல்ல டயரா? டயர் எப்படி இடத்துக்கு இடம் குணம் மாறும்?"

"ஒருவேளை உங்க வண்டிக்கு உயரம்னா பிடிக்குமோ என்னவோ."

"விளையாடாதீங்க சம்பந்தி. தலை சுத்துது."

எனக்கும்தான் சுற்றியது. நான் தோற்றால் ஏன் தோற்கிறேன் என்று தெரியவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜெயித்தால் ஏன் ஜெயிக்கிறேன் என்றும் தெரியவில்லை.

வாட்ச்மேன் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா? மேல இருந்து விட்டா வேகம் ஜாஸ்தி. வேகம் ஜாஸ்தியானா எதிர்க்காத்து. நீங்க கதவு மாதிரி நிமிர்ந்து உக்காந்திருக்கீங்க. அந்த ஐயா சாவி மாதிரி குனிஞ்சு போறாரு. மெதுவாப் போனா காத்து கிடையாது. அப்ப டயரோட வேலை மட்டும்தான்."

"காத்தா?" சம்பந்தி சுற்றிலும் பார்த்தார். "ஒரு இலைகூட ஆடலையேப்பா."

"காத்து நிக்குதுங்கய்யா. நீங்கதான போய் முட்டுறீங்க."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், பிறகு ஒரே குரலில், "போய் கேட்டைப் பாருங்க," என்றோம். சம்பந்தியும் நானும் ஒத்துப்போனது அந்த வருஷத்திலேயே அந்த ஒரு தடவைதான்.

"காத்துன்னதும்தான் ஞாபகம் வருது," என்றார் சம்பந்தி திடீரென்று. "உங்க டயர்ல எவ்வளவு காத்து வெச்சிருக்கீங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? அமுக்கிப் பார்ப்பேன், திருப்தியாக இருந்தால் போவேன்.

பாலத்துக்கடியில் பஞ்சர் கடை. அதை நடத்துபவர் ஓர் அக்கா. டயரைக் கழற்றாமலே எங்கே ஓட்டை என்று முகம் பார்த்துச் சொல்வார். காற்று அளக்கும் மீட்டரை வால்வில் வைத்தார். சம்பந்தியின் டயரில் தொண்ணூற்றைந்து பவுண்டு. என்னுடையதில் நாற்பது.

எடையைக் குறைத்து நிறுக்கிற கடைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! அளவே வேற வேற! இதை வெச்சுக்கிட்டு காலையில இருந்து போட்டி நடத்தியிருக்கோம். ரெண்டு தட்டுக்கு ரெண்டு விதமான படிக்கல்லு!"

"அப்படித்தான் சார் வெக்கணும்," என்றார் அக்கா. "சன்னத்துக்கு நிறைய அடிக்கணும். தடிக்குக் கம்மி போதும். அதான் வழக்கம்."

"வழக்கம்னு சொல்லித்தான் கடைக்காரன் தட்டுல கட்டைவிரலை வெச்சான். ரெண்டுக்கும் அறுபது வைங்க."

"வேணாம் சார். உங்களுக்குத்தான் நஷ்டம்."

"எனக்கு நஷ்டமானாலும் சமமா இருக்கணும்மா."

மனிதரை அந்த இடத்தில் எனக்குப் பிடித்துப்போனது என்று சொல்லலாம். சொல்லவில்லை. அக்கா அவர் டயரிலிருந்து காற்றை இறக்கி, என்னுடையதில் ஏற்றினார். அறுபது, அறுபது. சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஈயக் குண்டும் மெல்லிய கம்பியும் எடுத்து, நாலு வால்வு மூடிகளையும் கம்பியால் சக்கரக் கம்பியோடு கட்டி, ஈயத்தை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைத்தார். உலகத்திலேயே சைக்கிள் காற்றுக்கு அரசாங்க மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சன்னம் கொஞ்சமாத் தொடும்னுதானே சார் நினைக்கிறீங்க?"

"பின்னே?"

அக்கா சாக்பீஸ் தூளை இரண்டு பின்டயர்களிலும் தடவினார். தரையில் கட்டம் போட்ட தாளை விரித்து, அதன்மேல் சைக்கிளை இறக்கி, இரும்புக் கற்களோடு சம்பந்தியை ஏறி உட்காரச் சொன்னார். கடைச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அப்புறம் இன்னொரு தாளில் என் எருமையும் நானும். தாளை எடுத்துப் பார்த்தால், அவர் டயரின் அச்சு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நீளமாக, ஒல்லியாக இருந்தது. என்னுடையது எலுமிச்சம்பழம் மாதிரி குட்டையாக, அகலமாக.

"எண்ணுங்க," என்றார் அக்கா.

சம்பந்தி பென்சிலால் புள்ளி வைத்து வைத்துக் கட்டங்களை எண்ணினார். முதல் தாளில் அறுபத்தொன்று. இரண்டாவதில் அறுபத்தொன்றரை. மறுபடி எண்ணினார். என்னை எண்ணச் சொன்னார். நான் எண்ணியதில் நூற்றிருபது வந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"காத்து ஒண்ணு, கனம் ஒண்ணுன்னா தரையில படுற இடமும் ஒண்ணுதான் சார். காத்துதான தாங்குது, ரப்பரா தாங்குது? ஆனா உங்களோடது நீளமாப் படுக்குது. நீளமாப் படுத்தா, ஒவ்வொரு சுத்துக்கும் டயர் நிறைய மடங்கி நிறைய எழுந்திரிக்கணும். உக்காந்து எழுந்திரிக்கிறதுல எவ்வளவு தெம்பு போகும்னு இந்தப் பெரியவரு முட்டியைக் கேளுங்க."

"அதனாலதான் சன்னத்துக்கு நிறையக் காத்தா? மடங்காம இருக்க?"

"ஆமா சார். இப்ப அதைத்தான் இறக்கிட்டீங்க."

சம்பந்தி நாலு ஈய முத்திரைகளையும் பார்த்தார். எங்கள் யாருக்கும் இல்லாத ஒரு வியாதி அவருக்கு உண்டு. "முத்திரை வெச்சா வெச்சதுதான்," என்றார். "நாளைக்குக் காலையில உச்சியில இருந்து, ரெண்டு பேரும் ஒண்ணா. அதுதான் கடைசி."

அன்றைக்கு முழுவதும் வீட்டில் இரண்டு பேரும் பேய் அறைந்த மாதிரி உலாவினோம். எனக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் புரியாமல் போய்விடும். அகலமானது குட்டையாகத் தொடுகிறது. ஒல்லியானது நீளமாகத் தொடுகிறது. தொடுவது இரண்டும் சமம். சமமாகத் தொட்டும் சமமில்லை. வேகமாகப் போனால் காற்று, மெதுவாகப் போனால் டயர்; உள்ளே ஒரு காற்று, வெளியே ஒரு காற்று. சம்பந்தி டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, அதையும் சரியாக இரண்டு கரண்டி அளந்து போட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். மகள் எங்கள் இருவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை. மேம்பாலத்து உச்சி. கீழே வாசல் பக்கம் வாட்ச்மேன் சாக்பீஸோடு எறும்பு மாதிரி நின்றார். சம்பந்தி விசில் ஊதினார். கால்களை எடுத்தோம்.

முதல் நூறு கெஜத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. காற்றினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி ஹேண்டில்பாரோடு ஒட்டிக் குனிந்து, சாவி மாதிரியே போனார். அவர் முதுகும் படிக்கல் பைகளும் எனக்கு முன்னால் சிறிதாகிக்கொண்டே போயின. முதுகை வளைத்துப் பார்த்தேன்; தொப்பை ஹேண்டில்பாரை முட்டி, வேண்டாம் என்றது. சரி, பால்கனிதான், பனியன்தான், நாற்காலிக்கு ஒரு மெத்தை கேட்டு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கால்களையும் அகட்டிக்கொண்டேன், மிதித்தேன் என்று பிற்பாடு ஒரு பேச்சு வரக் கூடாதே.

இறக்கம் முடிந்தது. சமதளத்தில் கேபிள் புதைக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய ரோடு. மூடியவன் கையில் ரோலர் கிடைத்திருந்தால் இப்படி விட்டிருப்பானா என்று திட்டிக்கொண்டே ஏறினேன். என் மலைப்பாம்பு மேடு பள்ளத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு போனது. முன்னால் சம்பந்தியின் படிக்கற்கள் கடகடவென்று பாத்திரக் கடை உருண்ட மாதிரி சத்தம் போட்டன. மனிதர் சீட்டில் துள்ளித் துள்ளி விழுந்தார்.

நாலாவது கம்பம். ஐந்தாவது. வேகம் குறையக் குறைய அவர் முதுகு பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆறாவது கம்பத்துக்கு அருகே இருவரும் கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில், என் பழைய ரோலர் வேகத்தில், உருண்டுகொண்டிருந்தோம். ஆறடிதான் இடைவெளி.

ரேஸ் சைக்கிள் மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மிதித்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அது வரைக்கும் டிக்கிக்கொண்டிருந்த சம்பந்தியின் சக்கரம் அந்த இடத்தில் திடீரென்று மௌனமானது.

பார்த்தேன். அவர் கால்கள் சுற்றின, தாழ்ந்த கியரில், தள்ள வலுவில்லாமல்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நான் அவரைக் கடந்தேன். விரட்டிக் கடக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை முடிக்காமல் மெல்ல நகர்வாரே, அப்படி. அவருடைய சைக்கிள் தள்ளாடி நின்றது. என்னுடையது இன்னும் கொஞ்சம் உருண்டு, யோசித்து, நின்றது.

"வாட்ச்மேன்! கோடு!" என்று கத்தினேன்.

வாட்ச்மேன் அங்கே இல்லை. தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போயிருந்தார். பக்கத்து மதில் மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று உட்கார்ந்து பார்த்தது. அதற்கு மேல் சாட்சி கிடையாது.

சம்பந்தி இறங்கினார். பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போய் டேப்பை எடுத்தது. தன் முன்சக்கரத்திலிருந்து என் முன்சக்கரம் வரை அளந்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. குனிந்து நாலு முத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தன. அவருடையவைதானே.

"மிதிச்சீங்க சம்பந்தி," என்றேன்.

"யாரு சொன்னா?"

"உங்க சக்கரம் சொல்லுச்சு."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். படிக்கற்கள் ஒவ்வொரு அடிக்கும் 'டங்' என்றன.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பர்லாங் தூரம் முந்தினேன் என்றேன். அவர் இருபது முப்பது தடவை மிதித்தார், வியர்வை ரோட்டில் ஓடியது, நான் கண்ணாடி துடைத்தேன் என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள். "மாமா, போட்டியில, மிதிச்சாரு. நீங்க மிதிக்கலை. அப்படியும் முந்திட்டீங்க."

"ஆமாம்மா!"

"சரிப்பா." பிறகு அவரைப் பார்த்தாள். "மாமா?"

"குளிச்சிட்டு வந்துடறேம்மா," என்று சம்பந்தி அறைக்குள் போனார்.

வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். தோளில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். பக்கம் காலியாக இருந்தது.

"எழுதுங்க சம்பந்தி," என்றேன். "நீங்க என்ன எழுதினாலும் பாப்பா நம்புவா. நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. உங்களுக்கு வேலை சுலபம்." வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் ஒத்துழைக்கவில்லை.

"எனக்குப் புரியலை," என்றார். "எடை ஒண்ணு. காத்து ஒண்ணு. தொடுற இடம் ஒண்ணு. நானே அளந்தேன், நானே முத்திரை வெச்சேன். அப்புறமும் எப்படி? மேல இருந்து விட்டா சன்னம்தான ஜெயிக்கணும்? புரியாத ஒண்ணுக்கு நான் எப்படிச் சான்று கொடுக்கிறது?"

"எனக்கு மட்டும் புரிஞ்சுதா? முப்பத்து நாலு வருஷம் அந்த ரோலர் எஞ்சின் எப்படி ஓடுதுன்னு தெரியாமத்தான் ஓட்டினேன். ரோடு சமமாச்சா இல்லையா, அதைத்தான் கேட்டாங்க. எஞ்சினைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனை கடைக்காரர்கள் வியர்த்திருப்பார்கள் என்று தெரிந்தது. பிறகு எழுந்து குளிக்கப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால், பேச்சை மாற்றவும் ஆளில்லை. அப்போது அழைப்பு மணி அடித்தது. வாட்ச்மேன். "அம்மா, செயலாளர் கேக்குறாரு, கட்டத்துல எந்த வண்டியை விடறது? இரும்புக்காரர்கிட்ட சொல்லணுமாம்."

மகள் திரும்பினாள். நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் இருந்த பருக்கைகளை எண்ண ஆரம்பித்தேன், பால்கனிக்குப் பயிற்சி.

சம்பந்தி கையைக் கழுவிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்கப்பா சொன்னது தப்பும்மா," என்றார்.

எனக்குப் பருக்கைக் கணக்கு விட்டுப்போனது.

"இருபது முப்பது தடவை இல்லை. ரெண்டரை சுத்து. வியர்வையெல்லாம் ஓடலை. கண்ணாடியையும் அவர் துடைக்கலை, ஹேண்டிலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வாயைப் பிளந்துட்டு வந்தாரு. பர்லாங்கும் கிடையாது." பையிலிருந்து டேப்பை எடுத்து, இழுத்து, ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து மேசைமேல் நீட்டிக் காட்டினார். "நாலடி மூணு அங்குலம். நான் மிதிச்சேன், அவர் மிதிக்கலை. முந்திட்டாரும்மா."